நிமிர்த்திய கரங்கள்: ஐடா ரால்ஃப் அம்மையார்

கட்டடம் எழும்பும் இடங்களில், நூற்கயிற்றின் நுனியில் ஒரு சிறு குண்டு தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தூக்குக்குண்டு என்பார்கள். சுவர் நேராக எழும்புகிறதா, சாய்கிறதா என்பதை அது யாருக்கும் அஞ்சாமல் காட்டிவிடும். என் தந்தையார் கொத்தனார். நினைவு தெரிந்த நாள் முதல் அவருடைய பையில் கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் கட்டிய சுவர்கள் நேராகத்தான் நிற்கின்றன. அவருடைய முதுகுதான் வளைந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பியதும் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தம்பியை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார். மிதித்து முடித்ததும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். மறுநாள் மாலை மீண்டும் அதே கதைதான்.

சென்ற ஆண்டு கூழ்மங்களைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டியிருந்தது. அதற்காக நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்பாராத விதமாக ஓர் அம்மையாரின் வரலாறு கண்ணில் பட்டது. உயிர்வேதியியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர்; புகழ்மிக்க ஆய்வுக்கூடத்தில் பத்தாண்டுக்கும் மேலாகப் பணி புரிந்தவர்; பின்னர் சோதனைக் குழாயை வைத்துவிட்டு, மனித முதுகுகளிலும் தோள்களிலும் தம் விரல்களை ஊன்றியவர். மனித உடலுக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தவர். அவரே ஐடா பாலின் ரால்ஃப். கொத்தனார் மகனுக்கு இந்தக் கதை பிடித்துப்போனதில் வியப்பில்லை. வேதியியல் மாணவன் என்ற முறையில் இவரோடு எனக்குச் சில வழக்குகளும் உண்டு. அவற்றை இடம் வரும்போது சொல்கிறேன்.

ஐடா 1896ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை பெர்னார்டு ரால்ஃப் கப்பல்துறைகள் கட்டும் பொறியாளர். இவரும் ஒரு வகையில் கட்டடக்காரர் மகள்தான் என்று எண்ணிக்கொண்டேன். பர்னார்டு கல்லூரியில் பயின்று 1916இல் பட்டம் பெற்றார். அது பெண்களுக்கான கல்லூரி. கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

அப்போது ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. இளைஞர்கள் போர்முனைக்குப் போக, ஆய்வுக்கூடங்களில் இடங்கள் காலியாயின. அதுவரை பெண்களுக்குத் திறவாத கதவுகள் வேறு வழியின்றித் திறந்தன. அப்படித் திறந்த ஒரு கதவின் வழியாகத்தான் ஐடா நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் நுழைந்தார். பணி செய்துகொண்டே படித்து, 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாடு முழுவதற்குமாகப் பெண்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்த அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியதும் அதே 1920ஆம் ஆண்டில்தான். வாக்குச் சீட்டும் டாக்டர் பட்டமும் ஒரே ஆண்டில் வந்தன என்பதை நம் கல்லூரி மாணவியர் கவனிக்க வேண்டுகிறேன்.

ராக்ஃபெல்லர் நிலையத்தில் அவர் யாரோடு பணி புரிந்தார் என்று பார்த்தால் நம் பாடநூல்களின் பக்கங்களே நினைவுக்கு வருகின்றன. அவர் ஃபீபஸ் லெவீன். ரைபோஸ், டீஆக்ஸிரைபோஸ் ஆகிய சர்க்கரைகள் நியூக்ளிக் அமிலங்களில் இருப்பதைக் கண்டறிந்தவர். டி.என்.ஏ. பற்றிய பாடத்தின் முதற்பத்தியில் வருகிற அதே லெவீன்தான். அவரும் ஐடாவும் சேர்ந்து பாஸ்ஃபடைடுகளைப் பற்றி, குறிப்பாக லெசித்தின், செஃபாலின் என்னும் கொழுப்புப் பொருள்களைப் பற்றிப் பல கட்டுரைகளை வெளியிட்டார்கள். சோயா மொச்சையிலுள்ள லெசித்தினைப் பிரித்து ஆராய்ந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. பொருளைப் பிரி, தூய்மையாக்கு, எடை பார், அதன் அமைப்பு என்ன என்று கேள் — இதுவே அந்த ஆய்வுக்கூடத்தின் அன்றாடம். அமைப்பு எப்படியோ செயல் அப்படி என்னும் எண்ணம் ஐடாவின் மனத்தில் அங்கேயே ஊன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிற்காலத்தில் மூலக்கூறை விட்டு முழு மனிதனுக்கு வந்தபோதும் அவர் கேட்டது அதே கேள்விதான்.

1920களின் பிற்பகுதியில் அவர் ஐரோப்பா சென்றார். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் கணிதமும் அணு இயற்பியலும் கற்றார். ஜெனீவாவில் ஹோமியோபதி மருத்துவத்தையும் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஜூரிச்சில்தான் 1926இல் எர்வின் ஷ்ரோடிங்கர் தம் அலைச் சமன்பாட்டை உருவாக்கினார். அணுவின் கதையே மாறிக்கொண்டிருந்த ஊரில் கணிதம் படித்த ஒருவர் அதே பயணத்தில் ஹோமியோபதியையும் படித்தார் என்பது முதலில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. அந்த அம்மையாரின் இயல்பே அதுதான் என்பது பிறகு புரிந்தது. எந்தக் கதவு திறந்திருந்தாலும் உள்ளே எட்டிப் பார்ப்பார். அதனால் அவர் அடைந்ததும் உண்டு, இழந்ததும் உண்டு.

வேறு சில கதவுகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்டியோபதி என்று ஒரு மருத்துவ முறை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. எலும்பும் மூட்டும் தத்தம் இடத்தில் சரியாக அமைந்தால் உடல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் என்பது அதன் அடிப்படை. இளமையில் தமக்கு நேர்ந்த ஒரு விபத்துக்குப் பின் ஆஸ்டியோபதி மருத்துவரின் கைகளால் ஐடா நலம் பெற்றதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். இன்னொரு கதவு நம் நாட்டுப் பக்கம் திறப்பது. நியூயார்க்கை அடுத்த நயாக் என்னும் ஊரில், ஹட்சன் ஆற்றங்கரையில், பியர் பெர்னார்டு என்ற அமெரிக்கர் யோகம் கற்பித்து வந்தார். செய்தித்தாள்கள் அவரைக் கிண்டலும் ஏச்சுமாக எழுதிக் குவித்த காலம் அது. யோகம் என்றாலே மந்திர தந்திரம் என்று அமெரிக்கர் அஞ்சிய அந்த நாளில், டாக்டர் பட்டம் பெற்ற இந்த வேதியியலார் அங்கே போய் ஆசனங்கள் பழகினார். உடலை நீட்டினால் மூட்டுகளுக்கிடையே இடம் பிறக்கிறது, இடம் பிறந்தால் அசைவு எளிதாகிறது என்பதை ஆசனங்களின் வழியே கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவர் வகுத்த முறையில் இந்த நீட்சி என்னும் கருத்து கடைசிவரை நின்றது.

இதற்கிடையில் மணமாகி இரண்டு ஆண் மக்களுக்கும் தாயானார். பிள்ளைகள் இருவரும் 1930களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள். ஆய்வுக்கூட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இனிமேல்தான் கதையின் திருப்பம். 1940ஐ ஒட்டிய காலம். தம் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க நல்ல ஆசிரியை ஒருவரை ஐடா தேடினார். பியானோ ஆசிரியை ஒருவர் கிடைத்தார். ஆனால் அவர் கீழே விழுந்து கையும் தோளும் பழுதுபட்டிருந்தார். பியானோ வாசிப்பது இருக்கட்டும், தலையை வாரிக்கொள்வதுகூட அவருக்கு இயலாமல் இருந்ததாம். ஐடா ஒரு பண்டமாற்று பேசினார்: உங்கள் கையை நான் சரிசெய்து பார்க்கிறேன், சரியானால் என் பிள்ளைகளுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டும் என்பது ஒப்பந்தம். தாம் பழகிய யோகப் பயிற்சிகளில் தொடங்கி, கை எங்கே இழுபட்டு நிற்கிறது, எந்த இடம் அசைய மறுக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். நான்கு முறை சந்தித்த பிறகு ஆசிரியை பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார் என்று ஐடா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆசிரியை தமக்குத் தெரிந்தவர்களிடம் சொல்ல, அவர்கள் இன்னும் சிலரை அழைத்துவர, ஐடாவின் வீட்டு வாசலில் கூன் விழுந்தவர்களும் இடுப்பு பிடித்தவர்களும் வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

பட்டம், பதவி, கட்டணம் எதையும் நோக்காமல் பியானோ பாடத்துக்காகத் தொடங்கிய தொழில் இது. இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே எனக்கு அம்மையாரைப் பிடித்திருக்கிறது.

அவர் கண்டது என்ன? கசாப்புக் கடையில் ஆட்டுத் தொடையை அறுக்கும்போது, கறியின் மேல் வெள்ளையாக, பளபளப்பாக, மெல்லிய தாள் போன்ற ஒரு படலத்தைக் காணலாம். கத்தியால் சீவி எறிந்துவிடுவார்கள். அதுதான் திசுப்படலம். மனித உடலிலும் ஒவ்வொரு தசைநாரையும், ஒவ்வொரு தசைக் கற்றையையும், முழுத் தசையையும், உள்ளுறுப்புகளையும் இப்படலம் போர்த்தியிருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தின் ஒவ்வொரு முத்துக்கும் ஓர் உறை, சுளைக்கு ஓர் உறை, பழம் முழுமைக்கும் ஓர் உறை இருப்பதுபோல. சாற்றை எடுத்துவிட்டாலும் உறைகள் மட்டுமே பழத்தின் வடிவத்தைக் காட்டும். உடற்கூறு பயிலும் மாணவர்கள் பிணத்தை அறுக்கும்போது தசையைப் பார்ப்பதற்காக இதை நீக்கிவிடுவது வழக்கம். நீக்கி எறியப்படும் இதுவே உடலுக்கு வடிவம் தரும் உறுப்பு என்றார் ஐடா. தசையைப் பலரும் ஆராய்ந்தார்கள். எலும்பைப் பலரும் ஆராய்ந்தார்கள். இரண்டையும் கட்டிவைத்திருக்கும் துணியை அவர் பார்த்தார்.

இந்தத் துணியின் நூல் கொலாஜன் என்னும் புரதம். இங்கே நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் ஆவார்கள். கங்காருவின் வாலிலுள்ள தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு கிண்டியில் அமர்ந்து அவர்கள் இதைக் கண்டார்கள். அமெரிக்காவில் ஒரு பெண்மணி தம் முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்த பொருளின் உள்ளமைப்பை அதே ஆண்டுகளில் கிண்டியில் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்! இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

ஐடாவின் வாதம் இதுதான். மனிதன் நான்கைந்து பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றவன்: கால்கள், இடுப்பு, மார்பு, தலை. பெட்டிகள் நேராக அமைந்தால் பளு நேரே தரைக்கு இறங்கும். நிற்பதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. ஒரு பெட்டி முன்னே நகர்ந்துவிட்டால் இன்னொன்று பின்னே நகர்ந்து ஈடுகட்ட வேண்டும். புவியீர்ப்பு விசையோ ஒரு நொடியும் ஓய்வதில்லை. விழுந்துவிடாமல் தாங்குவதற்காகச் சில தசைகள் இரவு பகலாக இறுகி நிற்கின்றன. அவற்றைப் போர்த்திய படலமும் நாளடைவில் தடித்து, குறுகி, அடுத்த படலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னர் நிமிர நினைத்தாலும் நிமிர முடியாது. சட்டையையே சிறியதாகத் தைத்துவிட்டால் கையை எப்படி உயர்த்துவது? ஆகவே நிமிர்ந்து நில் என்று ஒருவனை அதட்டுவதால் பயனில்லை, முதலில் அவன் சட்டையின் தையலைப் பிரித்துவிட வேண்டும் என்பது அம்மையாரின் முடிவு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவை ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். என் தந்தையாரின் தூக்குக்குண்டு காட்டுவதும் அதே கோட்டைத்தான்.

நோயைக் குணப்படுத்துவது தம் வேலையன்று என்பதை அவர் திட்டவட்டமாகச் சொல்லி வந்தார். அமைப்பைச் சீராக்கினால் புவியீர்ப்பே பகைமை நீங்கித் துணையாகிவிடும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நிலை. தம் முறைக்கு அமைப்பு ஒருங்கிணைப்பு என்ற பொருள்படப் பெயரிட்டார். உலகம் அவருடைய பெயரையே வினையாக்கி ரால்ஃபிங் என்று அழைத்தது.

பத்து அமர்வுகள். அதுவே முறை. கண்ட இடத்தில் பிடித்துவிடுவது அல்ல. பாடத்திட்டம் போல வரிசை உண்டு. முதல் அமர்வில் மார்புக் கூட்டையும் மூச்சையும் விடுவிப்பார்கள். இரண்டாவதில் பாதமும் கணைக்காலும். அடித்தளம் சரியில்லாமல் மேலே கட்டக் கூடாதல்லவா? மூன்றாவதில் உடலின் இரு பக்கங்கள். அடுத்த நான்கும் ஆழமானவை: தொடையின் உட்புறம், வயிறு, முதுகும் திரிகமும், இறுதியாகக் கழுத்தும் தலையும். எஞ்சிய மூன்றில் புதிதாக எதையும் பிரிப்பதில்லை. பிரித்தவற்றை ஒன்றோடொன்று இசைய வைப்பார்கள். விரல் நுனி, விரல் முட்டி, மடக்கிய கை, முழங்கை இவைதாம் கருவிகள். எண்ணெய் தடவி வழுக்கிச் செல்லும் மாலிசு அல்ல இது. படலத்தைப் பற்றி, மெல்ல அழுத்தி, படுத்திருப்பவரையும் அந்த அங்கத்தை அசைக்கச் சொல்லி, அது இளகும்வரை காத்திருப்பார்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஒளிப்படம் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு.

வலித்ததா என்றால், வலித்தது. அந்த நாளில் இம்முறைக்கு வலியே விளம்பரமாயிற்று. அழுதவர்கள் பலர். பிற்காலத்தவர் அழுத்தத்தைக் குறைத்து மென்மையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

1950களில் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஆஸ்டியோபதி மருத்துவர்களுக்கும் முதுகெலும்பைக் கையால் சீராக்கும் கைரோபிராக்டிக் தொழிலாளர்க்கும் கற்பித்தார், இங்கிலாந்துக்கும் சென்றார். பெரும் பயன் விளையவில்லை. கற்றவர்கள் தமக்குப் பிடித்த ஓரிரு கைவேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து அமர்வு என்னும் வரிசையை விட்டுவிட்டார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, இருபதாண்டு உழைப்பைத் துண்டு துண்டாகப் பிறர் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவராக இருந்தால் ஓய்வெடுத்திருப்பார்.

1960களின் நடுவில் அழைப்பு வந்தது. கலிஃபோர்னியாவில் பிக் சர் என்னும் கடற்கரைப் பகுதியில், பாறை உச்சியில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே 1962இல் தொடங்கப்பட்டது எசலன் நிலையம். உளவியலாரும் கவிஞரும் துறவு மனத்தினரும் இளைஞரும் கூடிய இடம். அங்கே கெஸ்டால்ட் உளமருத்துவத்தை வளர்த்த ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் இருந்தார். இதய நோயால் துன்புற்றிருந்த அந்த முதியவர் ஐடாவின் கைகளால் தமக்கு நலம் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு கேட்க வேண்டுமா? எழுபது வயதை எட்டிய ஐடாவைச் சுற்றி இருபது வயது இளைஞர்கள் கூடினார்கள். வாழ்நாளெல்லாம் மருத்துவர்களிடம் கிடைக்காத மாணவர்கள் நீள்முடி இளைஞர்களிடம் கிடைத்தார்கள். அவரோ நீள்முடியைக் கண்டு மயங்கியவர் அல்லர்; கண்டிப்பான ஆசிரியை. உடற்கூறு தெரியாமல் உடலில் கை வைக்கக் கூடாது என்பார்.

1971இல் அவருடைய பெயரால் நிறுவனம் அமைந்தது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம் அதன் இருப்பிடமாயிற்று. மூத்த மகனும் தாயின் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1977இல், தமது 81ஆம் வயதில், தம் முறையை விளக்கும் பெருநூலை வெளியிட்டார். 1979 மார்ச் 19இல் பென்சில்வேனியா மாநிலத்தில் மறைந்தார். 83 நிறைய இரண்டு மாதங்கள் இருந்தன.

இனி என் வழக்கு. கூழ்மப் பாடத்தில் ஜெல், சோல் என்று படிக்கிறோம். சிலவகைப் பெயின்ட் டப்பாவில் அசையாமல் கெட்டியாக நிற்கும். தூரிகையால் கலக்கினால் இளகி ஓடும். விட்டுவிட்டால் மீண்டும் கெட்டிப்படும். திசுப்படலமும் அப்படிப்பட்ட கூழ்மமே, கையின் அழுத்தமும் சூடும் கெட்டி நிலையை இளகிய நிலையாக மாற்றுகின்றன என்பது ஐடாவின் விளக்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கருத்தரங்கில் நானும் இதை அப்படியே சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன். இறுதியில் எங்கள் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கையை எடுத்த பிறகு அந்தப் பெயின்ட் என்ன ஆகும்? எனக்கு விடை தெரியவில்லை. அல்லது, தெரிந்ததால் வாய் எழவில்லை. மீண்டும் கெட்டிப்படும்! அப்படியானால் நிலையான மாற்றம் எங்கிருந்து வரும்?

பிறகு தேடிப் படித்தபோது இதே கேள்வியைக் கேட்டவர்கள் உண்டென்று அறிந்தேன். அதிலும் முதன்மையானவர் அம்மையாரின் வழியிலேயே பயிற்சி பெற்ற ஜெர்மானியர் ராபர்ட் ஷ்லைப். 2003இல் எழுதிய கட்டுரையில், ஜெல்-சோல் விளக்கம் போதாது என்று அவர் எடுத்துக்காட்டினார். படலத்தில் நரம்பு முனைகள் ஏராளமாக உள்ளன. கையின் அழுத்தம் அவற்றின் வழியே நரம்பு மண்டலத்துக்குச் செய்தி அனுப்ப, தசையின் இறுக்கம் தளர்கிறது என்பது அவர் முன்வைத்த மாற்றுக் கருத்து. அதாவது கை துணியைத் தைப்பதில்லை, உள்ளிருப்பவனோடு பேசுகிறது. 2008இல் கணித முறையில் ஓர் ஆய்வு வந்தது. தொடையின் பக்கவாட்டுப் படலத்தையும் உள்ளங்காலின் படலத்தையும் ஒரே ஒரு விழுக்காடு அமுக்கவோ சறுக்கவோ வேண்டுமானால்கூட மனிதக் கையால் தர இயலாத அளவு விசை தேவை என்று அது கணக்கிட்டது. மூக்கின் மேலுள்ள மென்மையான படலம் மட்டுமே அழுத்தத்துக்கு இணங்கும் என்பது அதன் முடிவு.

எனில் அம்மையார் கண்டதெல்லாம் கனவா? அப்படியும் சொல்லிவிட முடியாது. எவரும் திரும்பிப் பாராத படலத்தைப் பாருங்கள் என்று அவர் சொன்னது வீண்போகவில்லை. 2007இல் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் வளாகத்தில், திசுப்படல ஆய்வுக்கென்றே முதல் உலக மாநாடு கூடியது. ஹெலீன் லாஞ்செவின் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாட்பட்ட இடுப்புவலி உள்ளவர்களுக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் தசையைச் சூழ்ந்த இணைப்புத் திசு, வலியில்லாதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு தடித்திருந்ததை மீயொலிப் படத்தில் கண்டார்கள். வலியால் தடித்ததா, தடித்ததால் வலித்ததா என்பதை அந்த ஆய்வு முடிவு செய்யவில்லை. ஆயினும் கசாப்புக் கடையில் சீவி எறியும் படலம் ஆய்வேட்டில் ஏறிவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அம்மையார் காலத்திலேயே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இம்முறையைச் சோதித்தார்கள். தசையின் மின்னோட்டத்தை அளந்ததோடு நில்லாமல், உடலைச் சுற்றிய ஒளிவட்டம், ஆற்றல் புலம் என்றெல்லாம் அவ்வறிக்கை போயிற்று. அறிவியல் ஏற்காத அந்தப் பேச்சு அம்மையாரின் முறைக்கு நன்மை செய்யவில்லை. 2015இல் ஆஸ்திரேலிய அரசு பதினேழு இயற்கைச் சிகிச்சை முறைகளை ஆராய்ந்தபோது ரால்ஃபிங்கும் பட்டியலில் இருந்தது. பயனுக்குத் தெளிவான சான்று இல்லை என்பது அறிக்கையின் தீர்ப்பு. 2019 முதல் அரசின் உதவி பெறும் காப்பீட்டிலிருந்து அதை நீக்கினார்கள். வளைந்த முதுகெல்லாம் வலிக்கும் முதுகும் அல்ல, நேரான முதுகெல்லாம் வலியற்றதும் அல்ல என்றும் இன்றைய ஆய்வாளர் சொல்கிறார்கள். தூக்குக்குண்டுக் கோட்டின் மேல் அம்மையார் வைத்த நம்பிக்கை சற்று மிகையோ என்று எனக்கும் ஐயம் உண்டு. சுவர் அசையாது, மனிதன் அசைகிறான்.

அவர் மறைந்து பத்தாண்டு கழிந்த வேளையில் சீடர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். மூத்த ஆசிரியர்கள் சிலர் அம்மையார் வகுத்த பத்து அமர்வில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்று தனி அமைப்புக் கண்டார்கள். மற்றவர்கள் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டு பழைய நிறுவனத்தில் தொடர்ந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பயின்ற ஒருவரின் முறை வேதவாக்காகவும் ஆனதைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று சில நேரம் எண்ணுவேன். ராக்ஃபெல்லரின் ஐடாவாக இருந்திருந்தால் மறுபடியும் எடை போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார். எசலனின் ஐடாவைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தந்தையாரைச் சுவரோரம் பக்கவாட்டில் நிறுத்தி, அவருடைய தூக்குக்குண்டையே அவர் காதுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். குண்டு தோளுக்கு நான்கு விரற்கடை முன்னால் தொங்கியது. கல்லூரிக்கு அனுப்பினால் இதைத்தான் சொல்லித் தருகிறார்களா என்று சிரித்தார். நான் ஐடா அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்தப் பியானோ வாத்தியாரம்மாவுக்குக் கை சரியானது நிஜமா என்று மட்டும் கேட்டார். அம்மையாரே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றேன். வேறு சாட்சி எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அப்படியானால் இருக்கும் என்றார். நான்கு முறைக்குப் பிறகு அந்த அம்மா எத்தனை வருஷம் வாசித்தார்கள் என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எலும்பு மருத்துவரிடம் காட்டுவோம், பாரம் தூக்குவதைக் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். கான்கிரீட் போடும் வேலை இரண்டு நாளில் முடியும், அதன்பின் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்தார். தம்பி விளையாடப் போயிருந்தான். அன்று நான் மிதிக்கவில்லை. முதுகெலும்பை விட்டு விலகி, இடுப்புக்கு மேலே இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, அவசரப்படாமல், இளகும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை. அவர் தூங்கிப்போனார்.